மேல லைன், கீழ லைன்

குடிநீர்க் குழாய் என்பது மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் பொருள். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கணினியில் வரைந்து வைப்பது என் தொழில்.

தஞ்சாவூருக்குக் கிழக்கே, கடலுக்குச் சற்றுப் பக்கமாக இருக்கும் ஒரு சிறு நகரத்தின் குடிநீர்ப் பிரிவில் பணிபுரிகிறேன். கல்லூரியில் புவியியல் படித்துவிட்டு, வரைபட மென்பொருளைப் பிறகு கற்றுக்கொண்டவள். இரும்பு, சிமெண்ட், பிளாஸ்டிக் என்று மூன்று தலைமுறைக் குழாய்கள் என் திரையில் நீலக் கோடுகளாகத் தெரியும். அவற்றைத் திறக்கவும் மூடவும் உதவும் வால்வுகள் சிவப்புப் புள்ளிகள். அலுவலகத்தில் எனக்கு ‘மேப் மேடம்’ என்று பெயர். கைபேசி காட்டிய வழியை நம்பிப் போய், யாருடைய களத்துமேட்டிலோ வண்டியை நிறுத்திவிட்டு விழித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். நீங்கள் எல்லோரும் எனக்கு உறவினர்கள். நீங்கள் என்றோ ஒருநாள் பட்ட பாட்டை நான் மாதச் சம்பளத்துக்குப் பட்டுக்கொண்டிருக்கிறேன், அவ்வளவே வேறுபாடு.

வயலுக்கு நடுவே ஒரு வால்வு

எங்கள் ஊருக்கான வரைபடத்தைச் சென்னையிலுள்ள ஒரு தனியார் நிறுவனம் தயாரித்துக் கொடுத்தது. அவர்கள் அமர்த்திய உள்ளூர் ஆட்கள் தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு குழாயும் வால்வும் இருக்கும் இடத்தில் நின்று, கைபேசியில் இடத்தைக் குறித்து, விவரத்தைப் பேசியே பதிவு செய்து அனுப்பினார்கள். சென்னையில் அமர்ந்து அந்தக் குரலைக் கேட்டவர்கள் அதைக் கோடாகவும் புள்ளியாகவும் ஆக்கினார்கள். அளவெடுத்து வெகுகாலம் கழித்தே வரைபடம் எங்கள் கைக்கு வந்தது.

வந்த முதல் வாரத்தில் ஒரு வால்வைச் சரிபார்க்கச் செல்வராசுவை அனுப்பினேன். ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர் அவர். பேராவூரணிப் பக்கத்திலிருந்து அண்மையில் மாற்றலாகி வந்திருந்தார். இடுப்புயர இரும்புச் சாவியை மொபெட்டில் குறுக்கே கட்டிக்கொண்டு போவார். சற்று நேரத்தில் அழைத்தார். “மேடம், புள்ளி இருக்கிற எடத்துலதான் நிக்கிறேன். சுத்தி நெல்லு. தரை பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு.” பதிவு செய்த ஆள் நெல் கிடங்கின் தகரக் கூரைக்கடியில் நின்றிருக்கிறார், செயற்கைக்கோள் சமிக்ஞை சரியாகக் கிடைக்காமல் புள்ளி சாலையைத் தாண்டி வயலுக்குள் குதித்துவிட்டது. அழைப்பைத் துண்டிப்பதற்குள் இன்னொரு குரலும் கேட்டது. வரப்பில் நின்று சாவியைப் பார்த்துக்கொண்டிருந்த வயல்காரர், தண்ணீர் திறக்க ஆள் வந்திருப்பதாக உறுதியாக நம்பிவிட்டார்.

“தெறக்கத்தானே வந்தீங்க? நல்லதாப் போச்சு. எங்க முறைத் தண்ணி வர்றதுக்குள்ள ஒரு சுத்து விட்டுட்டுப் போங்க தம்பி.”

திரையில் வரும் தண்ணீர்

வயலில் விழுந்த வால்வுகளை ஒவ்வொன்றாகத் தெருவுக்குத் திருப்பிக்கொண்டிருந்த நாள்களில்தான் மலர்க்கொடி அலுவலகத்துக்கு வந்தார். வாய்க்கால்கரைத் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்பவர். ஊரின் வடக்கே இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தெற்கு நோக்கி வரும் நெல்மண்டிச் சாலை முடிகிற இடத்தில் இருக்கிறது அந்தத் தெரு. ஆற்று நீர் கடைசியாக எட்டும் வயல்களைக் கடைமடை என்கிறோமே, எங்கள் குடிநீருக்கு அந்தத் தெருதான் கடைமடை. அங்கே நிலத்தடி நீர் உப்பு. கொள்ளிடத்து மணலிலிருந்து குழாய்வழி வரும் நீரை விட்டால், வாயில் வைக்க வேறு நீர் கிடையாது.

சென்ற ஆண்டு சாலையோரம் வடிகால் கட்டும் வேலை நடந்தது. அதன்பின் அந்தத் தெருவின் எந்தக் குழாயிலும் சொட்டு நீர் இல்லை. மலர்க்கொடி பக்கத்துத் தெருவில் கெஞ்சிப் பிடித்த நீரைக் கேன்களில் சுமந்து வந்து மாவு அரைத்துக்கொண்டிருந்தார். உப்பு நீரில் அரைத்தால் ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். அந்த மாவை நம்பித்தான் அவர் குடும்பம் இருந்தது. அவர் தொலைபேசியில் புகார் செய்யும்போதெல்லாம் எங்கள் கணினி வரைபடத்தைக் கலந்து ஆலோசிக்கும்: குழாய் இருக்கிறது, வால்வு திறந்திருக்கிறது, ஆகவே கோளாறு வீட்டுக்குள்தான். புகார் மூடப்படும், தீர்வு கண்டுவிட்டதாக அவருக்குக் குறுஞ்செய்தியும் போய்ச் சேரும். அதை நம்பி வீட்டுக்குழாயைக்கூட அவர் மாற்றிப் பார்த்துவிட்டார்.

திரையை அவர் பக்கம் திருப்பி அவருடைய தெருவைக் காட்டினேன். “இதோ, இதுதாங்க உங்க தெருக் குழாய். இதுல தண்ணி போகணும். ஏன் போகலைன்னு நான் கண்டுபிடிக்கிறேன்” என்றேன். அவர் அந்த நீலக் கோட்டை உற்றுப் பார்த்தார். பிறகு கையிலிருந்த காலிக் கேனைத் தூக்கி என் மேசைமீது வைத்தார்.

“இதுல வருதுல்ல மேடம்? அப்ப இதுலேருந்தே ஒரு கேன் புடிச்சுக் குடுங்க, நான் போயிடுறேன்.”

இல்லாத வால்வுக்கு ஓட்டை

எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. என் திரையில் ஓடும் நீர் தெருவில் இருப்பவரின் குடத்திலும் விழ வேண்டும். விழவில்லையென்றால் பொய் சொல்வது திரைதானே தவிர, குடம் அன்று. மறுநாளே செல்வராசுவுடன் போய், நெல்மண்டிச் சாலைக் குழாயும் வாய்க்கால்கரைத் தெருக் குழாயும் இணைவதாக வரைபடம் காட்டிய இடத்தைத் தோண்டச் செய்தேன். சாலைக் குழாய் இருந்தது, நீரும் நிறைந்திருந்தது. ஆனால் இணைப்பு இல்லை. அந்தக் குழாய் முனையில் மூடி போட்டு முடிந்திருந்தது. அப்படியானால் அந்தத் தெருவுக்கு முன்பு எங்கிருந்து நீர் வந்துகொண்டிருந்தது? வேறொரு குழாயும் அதற்கென்று ஒரு வால்வும் எங்கோ இருந்தே ஆக வேண்டும்.

இதற்கு நடுவே நெல்மண்டிச் சாலை முழுவதற்கும் சிமெண்ட் சாலை போட உத்தரவாகிவிட்டது. அடுத்த வாரமே வேலை தொடங்கும். சிமெண்ட் போட்டுவிட்டால் பல ஆண்டுகளுக்கு அதை உடைக்க யாரும் அனுமதி தரமாட்டார்கள். வாய்க்கால்கரைத் தெரு அதுவரை உப்பு நீரோடு வாழ வேண்டியதுதான். உதவிப் பொறியாளரிடம் வேலையைத் தள்ளிப்போடக் கேட்டேன். “மேப்ல இல்லாத பைப்பைத் தேடணும்னு ரோட்டு வேலையை நிறுத்தினா, எனக்குத்தான் மெமோ வரும் மேடம். மேப் உங்களுதுதானே?” என்றார். அதில் பிழை சொல்ல எனக்கு இடமில்லை. சாலை ஒப்பந்தக்காரரிடம் போனேன். நல்ல மனிதர், நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“வால்வு இருந்தாக் காட்டுங்க, அந்த எடத்துல ஓட்டை விட்டுட்டே போடுறேன். இல்லாத வால்வுக்கு எங்க மேடம் ஓட்டை விடுறது?”

கருவி கத்திய இடங்கள்

மண்ணுக்குள் இரும்பு இருந்தால் கத்தும் கருவி ஒன்று எங்கள் பக்கத்து நகரத்தில் இருந்தது. அதை இரவல் வாங்கிவந்து, நெல்மண்டிச் சாலை வாய்க்கால்கரைத் தெருவைத் தொடும் முக்கில் தேடத் தொடங்கினோம். அது நாணயமான கருவி. இரும்பு என்று எது இருந்தாலும் கத்தும். கத்திய இடத்தையெல்லாம் தோண்டினோம். வண்டிச் சக்கரத்துப் பட்டை கிடைத்தது. சோடா பாட்டில் மூடிகள் ஒரு கூடை தேறும். சைக்கிள் சங்கிலி, பூட்டியே கிடந்த ஒரு பூட்டு, பிடி மக்கிப்போன ஒரு கருக்கரிவாள். முக்கின் கிழக்கோரத்தில் ஒரு கட்சியின் கொடிமேடை இருக்கிறது. அங்கே கருவி காது கிழியக் கத்தியது. “கொடிக்கம்பம் மேடம். இரும்புல்ல, கத்தாம என்ன செய்யும்?” என்று செல்வராசு கருவியை அப்பால் திருப்பிக்கொண்டார். எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

தெருவே கூடிவிட்டது. தங்கம் கிடைத்தால் பங்கு உண்டா என்று ஒருவர் கேட்டார். நாலு பக்கமும் குழியைப் பார்த்த இன்னொருவர், இத்தனை ஆழம் போனதற்குக் கிணறே வெட்டியிருக்கலாம் என்றார். மாலையில் குழிகளை மூடிவிட்டு, கிடைத்தவற்றை ஓர் ஓரமாகக் குவித்தோம். மலர்க்கொடி குவியலருகே குந்தி, அந்தக் கருக்கரிவாளைக் கையில் எடுத்து மண்ணைத் தட்டினார்.

“இதை நான் வெச்சுக்கிறேன் மேடம். ரோடு போட்டப்புறமும் தண்ணி வரலைன்னா, ஆபீசுக்கு வர்றப்ப எடுத்துக்கிட்டு வர்றேன்.”

இரட்டை மாடிக் குழாய்

அலுவலகத்துக்குத் திரும்பி, நெல்மண்டிச் சாலைக் குழாயைப் பற்றி வரைபடத்தில் ஏற்றியிருந்த விவரங்கள் அனைத்தையும் ஒவ்வொரு கட்டமாகப் படித்தேன். விட்டம், பொருள், நீளம் எல்லாம் சரி. ‘ஆழம்’ என்ற கட்டத்தில் மட்டும் எண்ணுக்குப் பதிலாக ‘மேல்மட்டம்’ என்று இருந்தது. ஆழத்தை யாரும் அளந்ததாக எனக்குத் தெரியாது. சென்னை நிறுவனத்தில் எங்கள் ஊர் வேலையைச் செய்த கார்த்திக் என்ற இளைஞரை அழைத்தேன்.

“கார்த்திக், இந்தக் குழாய்க்கு ‘மேல்மட்டம்’னு போட்டிருக்கே, யாரு அளந்தது?”

“அளக்கலை மேடம். வாய்ஸ்லயே சொல்லியிருந்தாங்க. மேல லைன், கீழ லைன்னு. நாங்களே ஆச்சரியப்பட்டோம். உங்க ஊர்ல மட்டும்தான் பைப்பை டபுள் டெக்கர் பஸ் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு போட்டிருக்காங்க.”

நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். “அந்தக் கீழ லைன் எங்கப்பா?”

“ஒண்ணு மேல ஒண்ணுன்னு ரெண்டு லைனையும் ஒரே எடத்துல வரைஞ்சோமா, சாஃப்ட்வேர் டூப்ளிகேட்னு ஒண்ணைத் தூக்கிடுச்சு. அதுல இருந்த வால்வும் கூடவே போயிருக்கும். அதோட சேந்திருந்த தெரு பைப்பை, பக்கத்துல இருக்கிற லைன்ல அதுவே ஒட்டிடும் மேடம். ஆட்டோமேட்டிக்.”

வாய்க்கால்கரைத் தெருவின் தண்ணீர் போன இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. நிதானமாகச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் மேல என்றால் மேற்கு. கீழ என்றால் கிழக்கு. வீட்டுக்கு மேலண்டை, கீழண்டை என்றுதான் எல்லை சொல்வோம். தஞ்சாவூரின் மேல வீதி, கீழ வீதியின் தலைக்கு மேல் மிதந்துகொண்டிருக்கவில்லை. மேல லைன் என்பது சாலையின் மேற்கோரத்தில் போகும் குழாய். கீழ லைன் என்பது கிழக்கோரத்தில், வழியில் எந்த வீட்டுக்கும் இணைப்புக் கொடுக்காமல், கடைமடைத் தெருவுக்கு மட்டும் நீர் கொண்டுபோகும் தனிக் குழாய். இரண்டும் தொட்டியடியில் ஒரே வால்விலிருந்து பிரிவதால், அதைத் திறந்துவிடும் செல்வராசுவுக்கும் இரண்டாவது குழாய் ஒன்று இருப்பது தெரிய வழியில்லை. மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. பிறகு கார்த்திக் மிகவும் மெல்லிய குரலில் கேட்டார்:

“அப்போ... மேலன்னா மேல இல்லையா மேடம்?”

கொடிமேடை

நீக்கிய கோடுகளையும் புள்ளிகளையும் கார்த்திக் அன்றே மீட்டு அனுப்பினார்; அவற்றுக்குரிய குரல் பதிவுகளையும் சேர்த்து அனுப்பியிருந்தார். “மண்டி ரோடு முக்கு, கீழ லைன் வால்வு, எப்பவும் தெறந்தே கெடக்கும்” என்றது ஒரு குரல். எப்போதும் திறந்தே கிடப்பதை யாரும் தொட வேண்டியதில்லை. தொடாததை யாரும் நினைவில் வைப்பதுமில்லை. மறுநாள் காலை, திருத்திய வரைபடத்தை உதவிப் பொறியாளரின் மேசையில் விரித்தேன். முந்தைய நாள் வரை இல்லாத குழாய் அன்று இருந்தது. “மேப்ல இருக்குன்னாத் தோண்டலாமே மேடம்” என்று உடனே கையெழுத்திட்டார். கைபேசியில் புள்ளியைப் பார்த்துக்கொண்டே சாலை முக்குக்கு நடந்தேன். இம்முறை வயல் இல்லை, வரப்பு இல்லை. புள்ளியும் நானும் நேராகக் கொடிமேடையில் முட்டிக்கொண்டு நின்றோம். கருவி கத்தியது கம்பத்துக்காக மட்டும் அன்று. அளவெடுத்த காலத்தில் அங்கே மேடை கிடையாது. வடிகால் வேலைக்காக வால்வை மூடியவர்கள் மறுபடி திறக்காமல் மண் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். சமமாகக் கிடந்த அந்த இடத்தில் பிறகு மேடை எழுந்துவிட்டது.

எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன். எனக்கு இன்னும் பணிக்காலம் மீதியிருக்கிறது. கிளைச் செயலாளர் வந்தார். அவர் வீடும் வாய்க்கால்கரைத் தெருவில்தான். “மேடம், இது வெறும் செங்கல் இல்ல. தலைவர் பேர்ல தெறந்தது. கை வெச்சா மாவட்டத்துக்கு நான் பதில் சொல்லணும்” என்றார். அவருக்குப் பின்னால் சிமெண்ட் கலவை இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. சாலைப் பணி வடக்கு முனையிலிருந்து தொடங்கியாயிற்று. பலகை அடித்துக்கொண்டே ஆட்கள் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். நான் வரைபடத்தைக் காட்டினேன். குடிநீர் வால்வின்மேல் எதையும் கட்டக் கூடாது என்ற விதியைச் சொன்னேன். மேடையைச் சில அடி தள்ளிக் கட்டிக்கொள்ளலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்றா, இல்லை என்றா என்று விளங்கவில்லை. கைபேசியை எடுத்தார், வைத்தார், மீண்டும் எடுத்தார். நான் மேடையின் படியில் உட்கார்ந்துகொண்டேன். முடிவு தெரியாமல் எழுந்திருப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். அப்போது மலர்க்கொடி தெருப் பெண்களோடு வந்து சேர்ந்தார். மாவு அரைத்த கையைக்கூடக் கழுவவில்லை.

“அண்ணே, கொடி பறக்கக் காத்து போதும். கொழம்பு வெக்கத் தண்ணி வேணும். மாவட்டத்தை அப்புறம் கேளுங்க, மொதல்ல வீட்டுக்குப் போயி அண்ணியைக் கேட்டுட்டு வாங்க.”

ஒரு கேன் நிறைய

கிளைச் செயலாளர் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது கையில் கடப்பாறை இருந்தது. அண்ணி என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. கொடியை முறைப்படி இறக்கி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். மேடையைப் பிறர் தொடக் கூடாது என்று அவரும் அவர் ஆட்களுமே பெயர்த்தார்கள். கீழே மண், மண்ணுக்குக் கீழே கல் பலகை, பலகையைப் புரட்டினால் செங்கல் தொட்டிக்குள் துருவேறிய வால்வு. செல்வராசு சாவியை மாட்டித் திருகினார், அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சாலைக்காரர்கள் இருவர் கைகொடுக்க, முக்கிக்கொண்டு திருகினார்கள். பூமிக்குள் யாரோ பெருமூச்சு விட்டதுபோல ஓர் ஓசை. தெருக்கோடியிலிருந்து ஒரு பெண் கூவினார். முதலில் காற்று சீறியதாம். பிறகு செங்காவி நிறத்தில் கொட்டியதாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீர் தெளிந்துகொண்டிருந்தது. மலர்க்கொடி கையில் ஏந்தி ஒரு வாய் வைத்துப் பார்த்தார். உப்பில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. திரும்பி வரும்போது ஒப்பந்தக்காரர் வால்வைச் சுற்றிச் சதுரமாகப் பலகை அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “இப்ப இருக்கு, விட்டுட்டேன்” என்றார்.

அதோடு நான் நிறுத்தவில்லை. ஒரு தெருவில் நேர்ந்தது மற்றத் தெருக்களிலும் நேர்ந்திருக்கும். ஊர் முழுவதற்குமான குரல் பதிவுகளை வரவழைத்து, ஒன்று விடாமல் கேட்டு வருகிறேன். மேல, கீழ என்று சொல் வரும் இடமெல்லாம் நிறுத்தி, செல்வராசுவோடு நேரில் போய்ப் பார்த்து, கோட்டை அதன் திசைக்குத் திருப்புகிறேன். தொலைந்த குழாய்கள் இன்னும் சில அகப்பட்டிருக்கின்றன. அந்த வேலைக்கு நடுவே ஒரு காலையில் மலர்க்கொடி வந்தார். அரிவாள் இல்லை. என் மேசையில் முன்பு வைத்த அதே இடத்தில், அதே கேனை நிறைய நீரோடு வைத்தார். பக்கத்தில் ஒரு தூக்குவாளியில் மாவு. திரையை அவர் பக்கம் திருப்பி, அவர் தெருவின் கோடு இப்போது கீழ லைனோடு சேர்ந்திருப்பதைக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை; என்னைத்தான் பார்த்தார்.

“இத்தனை நாளா இதுல வந்துச்சு, வீட்ல வரலை. இப்ப வீட்ல வருது மேடம். இதுலயும் ஒழுங்கா வருதான்னு அப்பப்ப நீங்க பாத்துக்கங்க.”

வானத்தில் எத்தனை செயற்கைக்கோள்கள் நமக்காகச் சுற்றினாலும், அவை இருக்கும் இடம் மேலேதானே தவிர மேல அன்று என்பதை, தரையிலிருக்கும் யாராவது ஒருத்தி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.